பச்சைச் சைக்கிள் மீது ஒரு விசாரணை

மூன்று கிழமைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டுச் சைக்கிளைக் கைது செய்துவிட்டார்கள்.

அதில் போன என் மனைவியை விட்டுவிட்டார்கள். சைக்கிளை மட்டும் பிடித்து, தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் உரமூட்டை அடுக்கும் ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வாச்சர் சுமணே சிங்களத்தில் 'அம்மணி' என்கிற நோனாவைச் சேர்த்து மரியாதையாகத்தான் சொன்னாராம் - "நோனா போங்க, சைக்கிள் மட்டும் இருக்கட்டும்."

குற்றச்சாட்டு? தோட்டத்துச் சொத்தைத் திருடிச் செய்த சைக்கிள்.

திருடியவர்? இந்தப் பத்தியை உங்களுக்கு வாராவாரம் எழுதுகிற, மேல் டிவிஷன் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிற, அடியேன்.

அவசரப்பட்டு என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி விஜயாவுக்குக் கீழ் டிவிஷன் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இப்போது வாசலில் போர்டு மாட்டி நீளமாக ஏதோ எழுதியிருக்கிறார்கள். அதை யாரும் முழுதாக வாசித்ததாகத் தெரியவில்லை.

வேலை தற்காலிகம். ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரக் கடிதம் தருவார்கள். ஒழுங்கு என்றால் என்ன? காலை ஆறரைக்குக் கதவைத் திறக்க வேண்டும். ஏனென்றால் ஏழு மணிக்குப் பெரட்டு - அதாவது தோட்ட மேலாளரான துரை முன்னால் எல்லோரும் நின்று பெயர் கொடுத்து, அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு மலைக்குப் போகிற நேரம். மூன்று நாள் பிந்தினால் வேறு ஆளைப் போடுவார்கள். இதை அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து அங்கே ரோட்டால் போனால் நாலு கிலோமீட்டர். தேயிலைக்குள் குறுக்கால் இறங்கினால் பாதிதான். ஆனால் மழைக்குக் குறுக்குப் பாதையில் அட்டை காலில் ஏறும், களிமண் காலை வாரும். இரண்டு தடவை விழுந்து விஜயாவின் முழங்கால் வீங்கிவிட்டது. பஸ்ஸா? ஓப்பநாயக்க டவுன் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். எங்கள் தோட்டத்துக்குள் வருகிற அளவுக்கு அதற்கு வாழ்க்கை வெறுக்கவில்லை.

"என்னங்க, ஒரு சைக்கிள் இருந்தா போதும். எறக்கம்தானே, பத்து நிமிஷத்துல போயிருவேன்" என்றாள் விஜயா.

புத்தியுள்ள புருஷன் என்ன செய்வான்? கடைக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கி வருவான். நான் யூடியூப் பார்த்தேன்.

அதில் ஒரு வெள்ளைக்காரன் குப்பையில் கிடந்த இரும்பைப் பொறுக்கி, பின்னணி இசையோடு, பன்னிரண்டு நிமிடத்தில் சைக்கிள் செய்துவிட்டான். பன்னிரண்டு நிமிடம்! எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன். கடைசியில் பதினொரு கிழமை எடுத்தது. பின்னணி இசையை விஜயா வழங்கினாள்.

வீட்டுக்குப் பின்னால் கோழிகள் இருந்த கொட்டகையைக் காலி செய்தேன். அதற்கு 'வேர்க்ஷொப்' என்று பெயர் வைத்தேன். கோழிகளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை; கடைசிவரை உள்ளே வந்து வந்து பார்த்துவிட்டுப் போயின.

இரும்பெல்லாம் ஓப்பநாயக்கவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் நஸீர் நானாவிடம் எடுத்தது. பெண்கள் ஓட்டுகிற ஃபிரேம் இருக்கிறதா என்று கேட்டேன். நானா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேர், இது என்ன புடவைக் கடையா? ஈக்கிறத எடுத்துட்டுப் போங்க."

இருந்தது ஒரு ஆண்கள் சைக்கிளின் வளைந்த ஃபிரேம். மேல் கம்பியை அறுத்து, சேலையோடு ஏறுவதற்கு வசதியாகக் கீழே இறக்கிப் பற்றவைப்பது என்று தீர்மானித்தேன். தெரிந்த ஒருவரிடம் வெல்டிங் மெஷின் இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லா வீட்டிலும் டிவியில் படம் ஓடுகிற நேரமாகப் பார்த்து, பட்டனைத் தட்டினேன். பக்கத்தில் வரிசை வீடுகளாக இருக்கும் லயம் இரண்டுக்கும் கரண்ட் போய்விட்டது. கதாநாயகிக்குத் தாலி ஏறியதா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாதவர்கள் எங்கள் டிவிஷனில் இருக்கிறார்கள். அவர்கள் என்னோடு பேசத் தொடங்கவே ஒரு கிழமை ஆனது.

முன் சில்லு வீடு வீடாகப் பாண், ரொட்டி விற்ற ஒரு பாண்காரருடையது. பின் சில்லு அதைவிட இரண்டு அங்குலம் பெரியது. அதனால் சைக்கிளைச் சமதரையில் நிறுத்தினாலும் இறக்கத்தில் போவது மாதிரியே தெரியும். ஹேண்டில் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்த யாரோ விட்டுப்போனது. பெடல் இரண்டும் இரண்டு சாதி. பாதி வேலையில் நானாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சேர், இது சைக்கிள் இல்ல. கலவன் பாடசாலை."

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சிரிக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள். எங்களுக்குச் சமதரை எங்கே இருக்கிறது? ஒன்று ஏற்றம், அல்லது இறக்கம். எங்கள் ஆட்களுக்குச் சைக்கிள் என்றால் பலாக்காயும் விறகும் கட்டித் தள்ளிக்கொண்டு போகிற சாமான். அதில் ஏறி உட்காரலாம் என்பது பலருக்குப் பிறகுதான் தெரியும். விஜயா வரக்காப்பொலக்காரி, வயலோர ரோட்டில் பழகியவள். நான் செய்பவன், அவள் ஓட்டுபவள் என்பதுதான் ஒப்பந்தம்.

ஆனால் செய்தவனுக்கு ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா? முதல் ஓட்டம் நான்தான் என்று சொல்லிவிட்டேன். பிரேக் கட்டையை ரப்பர் செருப்பை வெட்டி நானே செய்திருந்தேன். செருப்பு நல்ல செருப்பு. குளித்து முடித்தபிறகு போடுவதற்கு நல்லது. ஈரச் சில்லைப் பிடிப்பதற்கு அவ்வளவாக ஏற்றதில்லை என்பதை ரோட்டு வளைவில் புரிந்துகொண்டேன். ரோடு இடப்பக்கம் திரும்பியது. நான் திரும்பவில்லை.

தேயிலைச் செடிக்கு நடுவில் நான் எழுந்து நின்றபோது, ஆளுக்கொரு நிரை, அதாவது செடி வரிசை, பிரித்துக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, மூத்தவள், அக்கறையாகக் கேட்டாள்:

"சேர், இது எங்க நெரைங்க. ஒங்களுக்கு எந்த நெர குடுத்தாங்க?"

அடுத்த நாளே கடையில் சரியான பிரேக் கட்டை வாங்கிப் போட்டேன்.

இனி நிறம். விஜயா நீலம் கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பெயின்ட்டுன்னா பெயின்ட்டுதானே, நீலமா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன" என்று நான் பேசினேன். காரணம், வீட்டில் அரை டின் பச்சை பெயின்ட் சும்மா இருந்தது.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? தோட்டத்துக் கட்டடங்களுக்கு அடிக்கிற பச்சை அது. ஃபெக்டரிக் கதவு, ஜன்னல், இரும்புத் தூண் எல்லாம் அதே நிறம். ஒவ்வொரு தடவை ஃபெக்டரிக்கு அடித்து முடிக்கும்போதும் டின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியது லயத்துக்கு வரும். கதவுக்குப் போகும், உட்காருகிற வாங்குக்குப் போகும், கோயிலுக்குப் போகும். எத்தனையோ வருஷமாக இப்படித்தான். எனக்குத் தந்தவர் ஃபெக்டரியில் பெயின்ட் அடிக்கிற பக்கத்து வீட்டுக்காரர். பெயர் சொல்ல மாட்டேன். ஏன் என்று பிறகு புரியும்.

பதினோராவது கிழமை சைக்கிள் வேலை முடிந்தது. விஜயா ஏறி உட்கார்ந்தாள், இறங்கிப் போனாள், வளைவில் அழகாகத் திரும்பினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். மனசு நிறைந்துபோனது என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன். காலையில் சைக்கிள் அவளைச் சுமந்தது, சாயங்காலம் ஏற்றத்தில் அவள் அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்று கிழமை ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. நிரந்தரக் கடிதத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபெக்டரியில் ஒரு தண்ணீர் மோட்டர் காணாமல் போனது.

மோட்டர் போனதும் நிர்வாகத்துக்கு மூக்கு வியர்த்துவிட்டது. தோட்டத்துச் சாமான் எதைக் கண்டாலும் பிடி என்று வாச்சர்மாருக்குக் கட்டளை. நாலு பேர் தூக்க வேண்டிய மோட்டர் போன வழி தெரியவில்லை. விஜயா தினமும் சிரித்துக்கொண்டு ஓட்டிப்போன சைக்கிள் மட்டும் கண்ணில் பட்டது. சுமணே அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம் - "மேக்க வத்தே பாட்ட நே." இது தோட்டத்து நிறம்தானே என்று அர்த்தம். மூன்று கிழமையாக அதே சைக்கிளுக்கு வழிவிட்டு "குட் மோர்னிங்" சொன்னவரும் இவர்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு விசாரணை. அதுவரை விஜயா ஐந்தேகாலுக்கே வீட்டை விட்டு இறங்கி ரோட்டால் நடந்தாள். வீங்கிய முழங்காலோடு. புதன்கிழமை பத்து நிமிடம் பிந்திவிட்டது. அது ஒன்று. கணிதம் படிப்பிக்கிறவனுக்கு மூன்றில் ஒன்று போனால் மிச்சம் எத்தனை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. களவுக் கேஸ் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த மிச்சமும் தேவையில்லை.

நீலம் அடித்திருந்தால்? தப்பு என்னுடையது, நடப்பவள் அவள். "நீலந்தானே கேட்டேன்" என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்குள் போனோம். துரை சின்ன வயசு, படித்தவர், மரியாதை தெரிந்தவர். பக்கத்தில் ஹெட் கிளாக்கர் பேனையும் பேப்பருமாக. கதவடியில் சுமணே, கையில் காவல் தடியோடு. "சேர், உட்காருங்க" என்று எனக்கு ஒரு கதிரை காட்டினார்கள். விஜயாவுக்குக் காட்டவில்லை. அவள் ஃபைல் அலுமாரி ஓரமாக நின்றாள்.

நான் உட்கார்ந்தேன். ஆமாம், உட்கார்ந்தேன். அவள் நிற்கிறாள் என்பது உறைத்து எழுந்திருக்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

முதல் சாட்சி நஸீர் நானா. நீளக் கை சட்டை போட்டு, தொப்பி வைத்து, கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"ஃபிரேம், வீல் எல்லாம் நீங்க கொடுத்ததா?" துரை சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்.

"நான்தான் துரை. எங்கட கடைச் சாமான்தான்."

"பில் இருக்கா?"

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பழைய இரும்புக்கு பில் கேட்ட மொத ஆள் நீங்கதான் துரை. இருவது வருஷமா கட வெச்சீக்கேன். ஒண்ணு செல்றேன், கேளுங்க. இது எஸ்டேட்ல களவெடுத்த சைக்கிள்னா, எஸ்டேட்ல மொதல்ல ஒரு சைக்கிள் இருந்தீக்கோணுமே. இருந்திச்சா?"

துரை ஹெட் கிளாக்கரைப் பார்த்தார். ஹெட் கிளாக்கர் இல்லை என்று தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது.

"சரி" என்றார் துரை. "இரும்பு உங்களோடது. பெயின்ட்?"

வந்த உயிர் திரும்பிப் போய்விட்டது.

ஊரில் உள்ள எல்லா விஷயத்துக்கும் கருத்துச் சொல்கிற ஆள் நான். பத்தி எழுதுகிறேன், மேடையில் பேசுகிறேன், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைத் தூங்கவிடுவதில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வேலை போகும். சொல்லாவிட்டால் விஜயாவின் வேலை போகும். இந்தக் கணக்குக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை.

ஹெட் கிளாக்கர் எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் அலுமாரி ஓரத்திலிருந்து குரல் வந்தது. விஜயா சிங்களத்தில் பேசினாள். வரக்காப்பொலச் சிங்களம், தடங்கலே இல்லை. அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"துரை, இந்தப் பச்சை இல்லாத ஒரு கதவு எங்க லயத்துல காட்டுங்க பாப்போம். மாரியம்மன் கோயில் கேட்டு இந்தப் பச்சைதான். தண்ணிப் பைப்பு இந்தப் பச்சைதான். சுமணே ஐயே கையில வச்சிருக்கிற பொல்லு என்ன கலருன்னு பாருங்க. விசாரிக்கிறதுன்னா எல்லாத்தையும் கொண்டாந்து நிறுத்துங்க. நானும் வாறேன். ஆபீஸ் குவாட்டர்ஸ்ல இருந்தே ஆரம்பிப்போம், அதுதான் கிட்ட."

சுமணே பொல்லை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஹெட் கிளாக்கர் முகத்தில் ஈயாடவில்லை. அவருடைய குவாட்டர்ஸ் கேட்டும், ஆட்டுக்கொட்டிலும், கொட்டிலுக்குள் தண்ணீர் வைக்கிற வாளியும் என்ன நிறம் என்று இந்தத் தோட்டத்தில் தெரியாதவர் துரை மட்டும்தான். அவருக்கும் அன்று தெரிந்துவிட்டது.

துரை கொஞ்ச நேரம் பேனை மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு விசாரணையை ஒத்திவைத்தார். எப்போதைக்கு? சொல்லவில்லை. முடிகிற வரைக்கும் சைக்கிள் ஸ்டோரில். கடிதம்? அதுவும் முடிகிற வரைக்கும் இல்லை. களவு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் ஒரு ஆளை நடக்க வைக்கிற வித்தையைப் பெரிய படிப்புப் படித்தவர்களால்தான் செய்ய முடியும்.

திங்கட்கிழமை விடியற்காலையிலிருந்தே மழை. விஜயா குடையோடு இறங்கினாள். பாலத்தடியில் தண்ணீர் ரோட்டுக்கு மேலால் போனது. வடியும்வரை நின்று, பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ச் சேரும்போது ஏழேகால். அது இரண்டு.

ஆனால் அங்கே ஒருத்தரும் இல்லை. பூட்டிய கதவு மட்டும்தான்.

நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஏழு பேர் ஏழு விதமாகச் சொன்னார்கள். ஏழிலும் பொதுவாக உள்ளதை மட்டும் எழுதுகிறேன். ஆறேமுக்கால் வரை தாய்மார் மழையில் நின்று பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒருத்தி, "தொறக்கலன்னா என்ன, புள்ளையோடயே பேரு குடுப்போம்" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, பெரட்டுக் களத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

துரை ஜீப்பில் வந்து இறங்கியபோது, கங்காணியின் குடையை ஒரு பிள்ளை பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததாம். ஒன்று பெயர் எழுதுகிற கொப்பியை ஈரமாக்கிவிட்டதாம். மிச்சமெல்லாம் சேர்ந்து அழுததாம். துரை பெயர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. எட்டு மணியாகியும் ஒருத்தியும் மலைக்குப் போகவில்லை. "ஏன் பிள்ளைகளைக் கொண்டு வந்தீங்க?" என்று துரை கத்தியபோது, அதே பெண் சொன்னாளாம்:

"ஆயம்மா நடந்து வந்துகிட்டு இருக்காங்க தொர. சைக்கிளு விசாரணையில இருக்காம்."

ஒன்பதரைக்கு சுமணே பிள்ளைக் காம்பரா வாசலுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கழுவி, சங்கிலிக்கு எண்ணெயும் போட்டிருந்தது. விசாரணை என்ன ஆனது என்று அவரிடம் கேட்டாளாம் விஜயா. "எந்த விசாரணை?" என்றாராம்.

இதெல்லாம் தற்செயலாக நடந்ததா, இல்லை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் கூடிப் பேசியதில் ஏதாவது இருந்ததா? அன்று சாயங்காலம் விஜயாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"மழைங்க" என்றாள்.

போன வியாழக்கிழமை கடிதம் வந்தது. நிரந்தரம்! இங்கிலீஷில் இருந்ததால் நான்தான் வாசித்துக் காட்டினேன். முதல் பந்தியில் அவளுடைய கடமையுணர்வைப் பாராட்டியிருந்தார்கள். விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது பந்திக்கு வந்தேன். 'மேற்படி உத்தியோகத்தர் நேரத்துக்குக் கடமைக்கு வருவதற்காகத் தோட்ட நிர்வாகம் ஒரு சைக்கிள் வழங்கியுள்ளது.'

எத்தனை தடவை வாசித்தாலும் அப்படித்தான் இருந்தது. வழங்கியுள்ளது!

நான் குதித்தேன். என் பதினொரு கிழமை, என் கொட்டகை, என் வெட்டுப்பட்ட விரல், நானாவின் இரும்பு! திருடினாய் என்று பிடித்தவர்கள், இப்போது நாங்கள் கொடுத்தது என்று எழுதியிருக்கிறார்கள். இப்பவே ஆபீசுக்குப் போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்று சட்டையைப் போட்டேன்.

"நில்லுங்க. அந்த வரிய மறுபடி வாசிங்க. மெதுவா" என்றாள் விஜயா.

வாசித்தேன்.

"அப்ப இது அவங்க சைக்கிளா?"

"அப்படித்தான் எழுதியிருக்கானுக."

"டயர் தேஞ்சா யாரு மாத்தணும்?"

யோசித்தேன். "...அவங்கதான்."

"செயின் அறுந்தா?"

"அவங்கதான்."

அவள் கடிதத்தை வாங்கி நாலாக மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தாள். மறுநாள் ஆபீசில் ஒரு விண்ணப்பம் கொடுத்தாள் - தோட்டத்துச் சைக்கிளுக்குப் புது டயர் இரண்டு, முன்னால் ஒரு லைட். டயர் இரண்டும் நேற்று வந்துவிட்டன. சுமணே ஐயேதான் மாட்டிவிட்டுப் போனார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கட்டினவன் பேரை ஒரு ஓரத்திலாவது போட்டிருக்கலாமே என்று இரவுச் சாப்பாட்டில் முணுமுணுத்தேன்.

"போட்டிருந்தா ரிப்பேரும் நீங்கதான் பாக்கணும். பேசாம சாப்பிடுங்க" என்றாள்.

பேசாமல்தான் சாப்பிட்டேன்... எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லையே!